மெலிந்து இருமும் குதிரை: நுரையீரலில் முடிச்சா, வேறு நோயா?

புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் குதிரை என்றதும் ஐயனார் கோயிலில் நிற்கும் சுடுமண் குதிரைதான் பலருக்கு நினைவுக்கு வரும். உயிருள்ள குதிரையைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. ஜட்கா வண்டிகள் தெருவை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. 2019-ல் எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து 3.4 லட்சம்தான். 2012 கணக்கெடுப்பில் இருந்ததைவிட இது 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு.

ஆனாலும் குதிரை வளர்ப்பு அற்றுப்போய்விடவில்லை. கோயில் விழா, திருமண ஊர்வலம், சவாரிப் பயிற்சி எனப் பல தேவைகளுக்காக இன்றும் வளர்க்கிறார்கள். ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் மார்வாரி, காத்தியவார் குதிரைகளுக்கு லட்சங்களில் விலை பேசப்படுகிறது. அப்படி வாங்கி வளர்க்கும் குதிரை இருமத் தொடங்கி, தீவனம் தின்றும் நாளுக்கு நாள் மெலிந்தால் வளர்ப்பவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

இருமல், காய்ச்சல், மெலிவு. இந்த மூன்றும் சேர்ந்து வரும் குதிரைக்குப் பல நோய்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று, 2007-ல்தான் தனி நோயாக விவரிக்கப்பட்டது. நுரையீரல் முழுவதும் நார் முடிச்சுகளை உண்டாக்கும் அந்த நோயுடன் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் தொடர்புபடுத்தப்படுகிறது. அதே வைரஸ் சில குதிரைகளின் புற்றுக் கட்டிகளிலும் காணப்பட்டிருக்கிறது. இதே அறிகுறிகளுடன் வரும் இன்னொரு நோய் மனித உயிரையே பறிக்கக்கூடியது. ஒன்றுக்கு உரிய மருந்து மற்றொன்றில் கேடாக முடியும். எனவே, எந்த நோய் என்று தெரிந்துகொள்வதற்கு முன் ஊசி போடக் கூடாது என்பதே குதிரை வளர்ப்போர் மனதில் வைக்க வேண்டிய முதல் பாடம்.

வைரஸின் பெயர் இ.எச்.வி.-5

குதிரைகளைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ்களுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். அவற்றில் இ.எச்.வி.-1 சினைக் குதிரைகளில் கருச்சிதைவையும், சில நேரம் நரம்பு பாதிப்பையும் உண்டாக்கும். இ.எச்.வி.-4 குட்டிகளுக்கும் இளம் குதிரைகளுக்கும் சளி, இருமல் கொடுக்கும். இ.எச்.வி.-3 இனப்பெருக்க உறுப்புகளில் கொப்புளங்களை உண்டாக்கும். இ.எச்.வி.-2, இ.எச்.வி.-5 ஆகிய இரண்டும் காமா ஹெர்பிஸ் என்ற பிரிவைச் சேர்ந்தவை.

காமா ஹெர்பிஸ் வைரஸ்களுக்கு ஒரு குணம் உண்டு. உடலுக்குள் நுழைந்தால் வாழ்நாள் முழுவதும் வெளியேறாது. ரத்த வெள்ளை அணுக்களில் ஒளிந்து உறங்கும். உடல் தளரும்போது சில நேரம் விழித்துக்கொள்ளும். குட்டிகள் பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே தாயிடமிருந்தும், அருகில் உள்ள குதிரைகளின் மூக்குச் சளியிலிருந்தும் இந்த வைரஸைப் பெற்றுக்கொள்கின்றன. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், எந்த நோயும் இல்லாத நல்ல குதிரைகளிலும் இ.எச்.வி.-5 பரவலாகக் கண்டறியப்பட்டுள்ளது.

அப்படியென்றால் எல்லாக் குதிரைகளுக்கும் நோய் வர வேண்டுமே என்று கேட்கலாம். வருவதில்லை. மனிதரிடம் உள்ள எப்ஸ்டீன்-பார் வைரஸை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். 1964-ல் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வரும் ஒரு நிணநீர்ப் புற்றுக்கட்டியின் செல்களில் அது முதலில் கண்டறியப்பட்டது. அதுவும் காமா ஹெர்பிஸ் பிரிவைச் சேர்ந்ததுதான். உலகில் பெரும்பாலான மனிதர்களின் உடலில் அந்த வைரஸ் இருக்கிறது. புற்று வருவதோ மிகச் சிலருக்கு மட்டுமே. வைரஸுடன் வேறு காரணங்களும் சேர்ந்தால்தான் நோய் வருகிறது. குதிரையிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

நுரையீரலில் விழும் முடிச்சுகள்

2007-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், நுரையீரலில் வெண்ணிற நார் முடிச்சுகள் விழுந்திருந்த 24 குதிரைகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அவற்றில் 19 குதிரைகளின் நுரையீரலில் இ.எச்.வி.-5 வைரஸின் மரபணுத் தடயம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்துக்கொண்ட, இந்நோய் இல்லாத 23 குதிரைகளில் இரண்டில் மட்டுமே அது இருந்தது. இந்த நோய்க்கு அவர்கள் வைத்த ஆங்கிலப் பெயரைச் சுருக்கி இ.எம்.பி.எஃப். என்கிறார்கள். தமிழில் நுரையீரல் நார் முடிச்சு நோய் என்று சொல்லலாம்.

நல்ல நுரையீரல் கடற்பஞ்சு போல மிருதுவாக இருக்கும். காற்றை இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். இந்த நோயில் காற்றறைகளைச் சுற்றி, காயம் ஆறிய தழும்பில் இருப்பது போன்ற கடினமான நார்த்திசு படிகிறது. சில குதிரைகளில் சிறு முடிச்சுகள் நெருக்கமாக விழுந்து ஒன்றோடொன்று இணைந்து, நல்ல நுரையீரலுக்கு இடமே இல்லாமல் செய்துவிடும். வேறு சில குதிரைகளில் தனித்தனியான பெரிய கட்டிகளாக இருக்கும். வெட்டிப் பார்த்தால் புற்றுக்கட்டி போலவே தெரியும். நுண்நோக்கியில் திசுவைப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்.

பெரும்பாலும் நடுத்தர வயதையும் அதைத் தாண்டிய வயதையும் உடைய குதிரைகளுக்கே இது வருகிறது. மெதுவாக மெலிதல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இருமல், ஓய்வில் நிற்கும்போதே மூச்சு வாங்குதல், சிறிது தூரம் ஓடினாலே களைத்துப்போதல், தீவனத்தில் நாட்டமின்மை ஆகியவை இதன் அறிகுறிகள். ஆன்டிபயாடிக் ஊசி போட்டும் குதிரை தேறாமல் இருப்பது சந்தேகத்தைத் தூண்ட வேண்டிய ஒன்று. நார்த்திசு பாக்டீரியாவால் வந்ததல்ல என்பதால் அந்த மருந்துக்கு அது கட்டுப்படாது.

வைரஸ்தான் இந்த முடிச்சுகளுக்குக் காரணமா? 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், நோயுற்ற நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்த வைரஸைச் சில குதிரைகளின் நுரையீரலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றில் நார் முடிச்சுகள் உருவாயின. வைரஸுக்குப் பங்கு உண்டு என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் வைரஸைச் சுமக்கும் குதிரைகளில் ஏன் சிலவற்றுக்கு மட்டும் நோய் வருகிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கும் கேள்வி.

புற்றுடன் என்ன தொடர்பு?

குதிரைகளுக்கு நிணநீர்ப் புற்று வருவதுண்டு. கழுத்து, மார்பு, வயிறு, தோல் என எங்கு வேண்டுமானாலும் கட்டி தோன்றலாம். அப்படிப்பட்ட சில குதிரைகளின் கட்டிகளிலும் இ.எச்.வி.-5 இருந்ததை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வைரஸுக்கு எதிரான மருந்தும் ஸ்டீராய்டும் கொடுத்தபோது கட்டிகள் வடிந்ததாகவும் ஒரு பதிவு உண்டு. ஆனால் நல்ல குதிரைகளிலும் காணப்படும் வைரஸ் கட்டியிலும் காணப்படுகிறது என்பதை மட்டும் வைத்து, அதுதான் புற்றை உண்டாக்கியது என்று முடிவு கட்ட இயலாது. திருட்டு நடந்த தெருவில் நின்றவரெல்லாம் திருடர் ஆவாரா? தொடர்பு இருக்கலாம் என்பதுவரைதான் இன்றைக்குச் சொல்ல முடியும்.

இதில் வளர்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பரிசோதனைக்கூடத்திலிருந்து ‘இ.எச்.வி.-5 உள்ளது’ என்று அறிக்கை வந்தால் அதைக் கண்டு குதிரையைக் கைவிட வேண்டாம். அறிகுறி இல்லாத குதிரையில் அந்த அறிக்கைக்குப் பெரிய பொருள் இல்லை. மெலிவு, காய்ச்சல், மூச்சு வாங்குதல், நுரையீரலில் முடிச்சு ஆகியவற்றுடன் சேர்ந்து வந்தால்தான் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் விலக்க வேண்டியது கிளாண்டர்ஸ்

வெளிநாட்டு நூல்களில் குதிரையின் நுரையீரல் முடிச்சு என்றால் வைரஸையும் பூஞ்சையையும் புற்றையும் பற்றிப் பேசுவார்கள். நம் நாட்டில் அதற்கு முன் ஒரு நோயை விலக்கியாக வேண்டும். அது கிளாண்டர்ஸ். பர்கோல்டேரியா மேலியை என்ற பாக்டீரியாவால் வரும் இந்த நோயிலும் நுரையீரலில் முடிச்சுகள் விழும். மூக்கிலிருந்து பிசுபிசுப்பான மஞ்சள் நிறச் சளி வடியும். மூக்கின் உள்சவ்வில் புண் ஏற்படும். தாடைக்குக் கீழ் நெறி கட்டும். தோலுக்கு அடியில் கயிறு முறுக்கியது போல நிணநீர்க் குழாய்கள் தடித்து, ஆங்காங்கே உடைந்து சீழ் வடியும். கழுதையிலும் கோவேறு கழுதையிலும் நோய் விரைந்து முற்றும். குதிரையில் மாதக்கணக்கில் மெல்ல நீடிக்கும். இந்த மெல்லப் போக்குதான் ஆபத்து. வெறும் சளி என்று எண்ணி வைத்தியம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். சளியும் சீழும் கையில் உள்ள கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. 2006-ல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் தலைகாட்டிய இந்த நோய், அதன் பிறகு வட மாநிலங்கள் பலவற்றில் பதிவாகிவருகிறது. பிற மாநிலங்களிலிருந்து குதிரைகள் சந்தைக்கு வருவதும், இங்கிருந்து போய் வாங்கி வருவதும் நடப்பதால் நாமும் விழிப்பாக இருக்க வேண்டும். 2009-ம் ஆண்டின் விலங்குகளுக்கான தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இது அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். உறுதியானால் சிகிச்சை கிடையாது. விதிமுறைப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்து அப்புறப்படுத்துவார்கள். உரிமையாளருக்கு இழப்பீடு வழங்க ஏற்பாடு உண்டு. மறைத்து வைத்தால் மற்ற குதிரைகளுக்கும், லாயத்தில் வேலை செய்பவருக்கும், வீட்டில் உள்ளவருக்கும் ஆபத்து.

ரத்தப் பரிசோதனை மூலம் இந்த நோயை அறியலாம். கால்நடை மருத்துவர் எடுக்கும் ரத்த மாதிரி, ஹரியானா மாநிலம் ஹிசாரில் 1985-ல் அமைக்கப்பட்ட தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்திலும் பரிசோதிக்கப்படுகிறது. மாதிரியைத் தபாலில் நேரடியாக அனுப்ப முயல வேண்டாம். கால்நடை பராமரிப்புத் துறை வழியாகச் செல்வதே முறை.

ஏமாற்றும் மற்ற நோய்கள்

சர்ரா: ரத்தத்தில் வாழும் டிரிபனோசோமா என்ற ஒட்டுண்ணியால் வருவது. கடித்து ரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புகின்றன. விட்டுவிட்டுக் காய்ச்சல், வேகமான மெலிவு, ரத்தசோகை, கால்களிலும் அடிவயிற்றிலும் நீர்க்கோவை ஆகியவை அறிகுறிகள். மாடும் எருமையும் நோயை வெளிக்காட்டாமல் இந்த ஒட்டுண்ணியைச் சுமக்கக்கூடும். மாட்டுக் கொட்டகையை ஒட்டிக் குதிரையைக் கட்டுபவர்கள் இதை மறக்கக் கூடாது. காய்ச்சல் இருக்கும் நேரத்தில் ரத்தத் துளியை எடுத்து நுண்நோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும். உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் குதிரையைக் காப்பாற்றலாம்.

ஒவ்வாமை இளைப்பு: பூஞ்சை பிடித்த வைக்கோல், தூசி, காற்றோட்டமில்லாத லாயம் ஆகியவற்றால் வருவது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதிகளில் வைக்கோல் நனைந்து பூஞ்சை பிடிப்பது வழக்கம். இதில் இருமலும் மூச்சு வாங்குதலும் இருக்கும். ஆனால் காய்ச்சல் இருக்காது. தீவனம் எடுப்பதும் பெரும்பாலும் குறையாது. லாயத்தை விட்டு வெளியே திறந்த இடத்தில் கட்டினால் குதிரை தேறும். நார் முடிச்சு நோய்க்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு காய்ச்சலும் மெலிவும்தான்.

பாக்டீரியா நிமோனியா: நீண்ட தூரம் வண்டியில் ஏற்றி வந்த குதிரைக்கு அடுத்த சில நாள்களில் வரலாம். திடீரெனக் கடும் காய்ச்சல் வரும். தலையைக் குனிந்து சளியை வெளியேற்ற முடியாதபடி உயரக் கட்டி ஏற்றிவருவது இதற்கு ஒரு காரணம். உரிய ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும். சில மாத வயதுக் குட்டிகளில் ரோடோகாக்கஸ் என்ற பாக்டீரியா நுரையீரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும்.

தெர்மாமீட்டரும் கைக்கடிகாரமும் போதும்

நோயை முதலில் கண்டுபிடிப்பவர் மருத்துவர் அல்ல, தினமும் தீவனம் வைப்பவர்தான். அவரிடம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு கடிகாரம், ஒரு அளவு நாடா, ஒரு நோட்டு இருந்தால் போதும்.

வளர்ந்த குதிரை ஓய்வில் நிற்கும்போது நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். விலாவின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எண்ணலாம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன், தீவனம் வைப்பதற்கு முன் எண்ணுவது நல்லது. வெயிலிலும் ஓட்டத்துக்குப் பிறகும் எண்ணினால் கணக்கு தவறும். ஓய்விலும் தொடர்ந்து 20-க்கு மேல் போனால் மருத்துவரை அழைக்க வேண்டும். மூச்சை வெளியே தள்ளும்போது விலாவுக்குக் கீழே வயிற்றில் கோடு போலத் தசை விழுந்தால் குதிரை சிரமப்பட்டு மூச்சு விடுகிறது என்று பொருள்.

இயல்பான உடல் வெப்பநிலை 99.5 முதல் 101.3 டிகிரி ஃபாரன்ஹீட். ஆசனவாய் வழியாகப் பார்க்க வேண்டும். குதிரைக்கு நேர் பின்னால் நிற்காமல் இடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். சந்தேகம் உள்ள குதிரைக்குக் காலை, மாலை இரு வேளையும் ஒரு வாரம் பார்த்து எழுதி வைத்தால், விட்டுவிட்டு வரும் காய்ச்சல் வெளிப்பட்டுவிடும். மருத்துவர் வரும் நேரத்தில் காய்ச்சல் இல்லாமல் போவதால் நோய் தவறிவிடுவது உண்டு. அந்த நோட்டு அதைத் தடுக்கும்.

முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை மாதம் இருமுறை அளந்து எழுதுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெலிவு தெரியாது. நாடா காட்டிக்கொடுத்துவிடும். தீவனம் குறையாமல் சுற்றளவு மட்டும் குறைந்துகொண்டே போனால் பல், குடற்புழு ஆகியவற்றைப் பார்த்த பிறகு நுரையீரலையும் ரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

என்ன பரிசோதனை? எங்கே?

முதலில் ரத்தம். கிளாண்டர்ஸ், சர்ரா இரண்டையும் விலக்க வேண்டும். ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் பார்ப்பார்கள். அடுத்தது நெஞ்சின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பெரிய குதிரையின் நெஞ்சை ஊடுருவிப் படமெடுக்கத் திறன் மிக்க எக்ஸ்ரே கருவி வேண்டும். ஸ்கேன் கருவி எளிதில் கிடைக்கும். நுரையீரலின் மேற்பரப்பை ஒட்டிய முடிச்சுகளை அதில் பார்க்கலாம். முடிச்சு தெரிந்தால், நுரையீரலுக்குள் சிறிதளவு உப்புநீரைச் செலுத்தி மீண்டும் உறிஞ்சி எடுத்து, அந்த நீரில் வைரஸ் இருக்கிறதா என்று பி.சி.ஆர். முறையில் பார்ப்பார்கள். முடிச்சிலிருந்து ஊசி மூலம் சிறு துண்டு திசு எடுத்து நுண்நோக்கியில் பார்ப்பதே நார் முடிச்சையும் புற்றையும் பிரித்தறிய உறுதியான வழி. ரத்தக்கசிவு ஏற்பட வாய்ப்புள்ளதால் அனுபவமுள்ள மருத்துவரே இதைச் செய்ய வேண்டும்.

புதுச்சேரியில் உள்ளவர்கள் குரும்பாபேட்டையில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். 1994-ல் கல்லூரியாகத் தொடங்கப்பட்டது இது. தமிழகத்தில் உள்ளவர்கள் சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியையும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளையும் நாடலாம். நோயுற்ற குதிரையை வண்டியில் ஏற்றுவதற்கு முன் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டி, தொலைபேசியில் பேசிவிட்டுப் புறப்படுவது நல்லது. கிளாண்டர்ஸ் சந்தேகம் இருந்தால் குதிரையை இடம் மாற்றவே கூடாது. மருத்துவர்தான் இடத்துக்கு வர வேண்டும்.

ஸ்டீராய்டு கத்தி

நார் முடிச்சு நோய்க்கு மருத்துவர்கள் ஸ்டீராய்டும், ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிரான வாலாசைக்ளோவிர் போன்ற மருந்தும் கொடுக்கிறார்கள். சில குதிரைகள் தேறி வேலைக்குத் திரும்பியிருக்கின்றன. ஆனால் பலவற்றைக் காப்பாற்ற முடிவதில்லை. நுரையீரலில் நார் படிந்த இடம் மீண்டும் பழைய நிலைக்கு வராது என்பதால், எவ்வளவு சீக்கிரம் கண்டறிகிறோமோ அவ்வளவு நல்லது. சிகிச்சை வாரக்கணக்கில் நீளும், செலவும் அதிகம். தொடங்கும் முன்பே குதிரை தேற எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு செலவு என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

இந்த ஸ்டீராய்டு இருபுறமும் கூரான கத்தி. ஒவ்வாமை இளைப்பிலும் நார் முடிச்சிலும் அது உதவும். பாக்டீரியா நிமோனியாவிலும் கிளாண்டர்ஸிலும் சர்ராவிலும் உடலின் எதிர்ப்பைக் குறைத்து நோயை வளர்த்துவிடும். போட்ட அன்று மாலையே காய்ச்சல் இறங்கி, குதிரை தெம்பாகத் தீவனம் தின்னும். வளர்ப்பவரும் மகிழ்ந்துபோவார். உள்ளே நோய் பரவிக்கொண்டிருக்கும். குளம்பின் உட்பகுதியில் வீக்கம் வந்து குதிரை நடக்க முடியாமல் போகும் ஆபத்தும் உண்டு. எனவே பழக்கத்தின் பேரில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஊசி போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும்.

தடுக்க முடியுமா?

இ.எச்.வி.-5 வைரஸுக்குத் தடுப்பூசி இல்லை. கருச்சிதைவைத் தடுக்க இ.எச்.வி.-1 வைரஸுக்குப் போடும் தடுப்பூசி இதைத் தடுக்காது. வைரஸ் பல குதிரைகளில் ஏற்கனவே குடியிருப்பதால் அதை முற்றாக விரட்டவும் இயலாது. ஆனால் நுரையீரலுக்கு வரும் தொல்லையைக் குறைக்கவும், மற்ற தொற்றுகளைத் தடுக்கவும் முடியும்.

• புதிதாக வாங்கிய குதிரையையும், சந்தைக்கோ விழாவுக்கோ சென்று திரும்பிய குதிரையையும் மூன்று வாரம் தனியாகக் கட்டி, வெப்பநிலை பார்த்துவர வேண்டும்.

• வாங்கும் முன் கிளாண்டர்ஸ் இல்லை என்ற பரிசோதனை அறிக்கையைக் கேட்க வேண்டும்.

• தண்ணீர்த் தொட்டி, தீவனப் பை, கடிவாளம், தேய்க்கும் பிரஷ் ஆகியவற்றைக் குதிரைக்குக் குதிரை தனித்தனியாக வைக்க வேண்டும். விழா நடக்கும் இடத்தில் பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்ட வேண்டாம். சொந்த வாளி கொண்டுசெல்லுங்கள்.

• லாயத்தின் இரு பக்கமும் காற்று வந்துபோக வழி வேண்டும். மூத்திர நெடி மூக்கைத் துளைத்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். குதிரை உள்ளே நிற்கும்போது கூட்டித் தூசி கிளப்பக் கூடாது.

• பூஞ்சை பிடித்த வைக்கோலைக் கொடுக்கக் கூடாது. உலர்தீவனத்தைத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தால் தூசி குறையும்.

• சளி, சீழ் உள்ள குதிரையைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். கையில் காயம் உள்ளவர் அந்த வேலையைச் செய்யக் கூடாது.

குதிரை இல்லாதவருக்கும் பாடம் உண்டு

வைரஸால் கால்நடைகளுக்குப் புற்று வருவது குதிரைக்கு மட்டும் உரியதல்ல. கோழி வளர்ப்போர் நன்கறிந்த மாரெக்ஸ் நோயும் ஒரு ஹெர்பிஸ் வைரஸால் வருவதுதான். 1907-ல் ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் யோசப் மாரெக் இதை முதலில் விவரித்தார். கால் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் நீட்டிக் கோழி விழுந்துகிடக்கும். ஈரலிலும் மற்ற உறுப்புகளிலும் கட்டிகள் வரும். இறகுச் செதில் தூசியில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குதிரையைப் போல் இங்கு ‘தொடர்பு இருக்கலாம்’ என்ற ஐயத்துக்கு இடமில்லை. வைரஸ்தான் காரணம் என்பது உறுதி. அதனால்தான் தடுப்பூசியும் உருவானது. குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே போடப்படும் அந்த ஊசி கட்டி வருவதைத் தடுக்கிறது. வைரஸ் நுழைவதைத் தடுப்பதில்லை. ஆகவே ஊசி போட்டாலும் கொட்டகையைச் சுத்தம் செய்து, ஒரு தொகுப்புக்கும் அடுத்த தொகுப்புக்கும் இடைவெளி விடுவது அவசியம்.

செம்மறி ஆட்டுக்கு நுரையீரல் புற்று உண்டாக்கும் வைரஸும் உண்டு. யாக்சிக்டே என்பது அந்த நோயின் பெயர். துரத்தி ஓடவிட்ட ஆடு போல மூச்சு வாங்குவதால் தென்னாப்பிரிக்காவில் இப்பெயர் வந்தது. குளோனிங் முறையில் பிறந்த டாலி என்ற ஆட்டுக்கும் இந்தப் புற்று வந்ததால் 2003 பிப்ரவரியில் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். மெலிந்து மூச்சு வாங்கும் ஆட்டின் பின்னங்கால்களைத் தூக்கித் தலையைத் தாழ்த்தினால் மூக்கிலிருந்து நுரைத்த நீர் கொட்டினால், இந்நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். சிகிச்சையும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. மந்தையிலிருந்து உடனே பிரித்து மருத்துவரிடம் காட்டுவதே மற்ற ஆடுகளைக் காக்கும் வழி.

மாட்டுக்கு மரு உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ், குதிரையின் தோலில் சார்காய்டு என்ற கட்டியை உண்டாக்குகிறது. ஆறாத புண் போலவோ மரு போலவோ தோன்றும் அதைக் கயிறு கட்டி அறுப்பதும், சூடு போடுவதும் கட்டியை இன்னும் பெரிதாக்கிவிடும்.

புதைக்கும் முன் ஒரு வேலை

எவ்வளவு பார்த்தும் குதிரை இறந்துவிட்டால், துக்கத்தில் உடனே குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். மஞ்சளும் குங்குமமும் வைத்து மாலை போட்டு அனுப்புவது நம் பண்பு. அதற்கு முன் கால்நடை மருத்துவரை அழைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். நீங்களாக அறுத்துப் பார்க்க வேண்டாம். என்ன நோய் என்று தெரியாததால் அது ஆபத்து. முடிச்சு விழுந்த நுரையீரலின் சிறு துண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போனால், அது கிளாண்டர்ஸா, வைரஸ் முடிச்சா, புற்றா என்று தெரியும். கிளாண்டர்ஸ் என்றால் உங்கள் குடும்பமே பரிசோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வைரஸ் முடிச்சு என்றால் லாயத்தில் உள்ள மற்ற குதிரைகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இது மனிதருக்குத் தொற்றும் நோயாக அறியப்படவில்லை.

குதிரைகள் குறைந்துவிட்ட பகுதியில் குதிரை நோய்களைப் பற்றிய அறிவும் குறைந்துகொண்டே போகும். வளர்ப்பவர் எழுதி வைக்கும் ஒரு நோட்டும், மருத்துவர் எடுத்து அனுப்பும் ஒரு திசுத் துண்டும் அதை ஓரளவு ஈடுகட்டும். அடுத்து இருமும் குதிரைக்கு அது உதவும்.